சிலையின் இடது கால்

அந்தக் கடைத்தெருவில் போய் முடிதிருத்துகிறவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் நாலு பேர் மோட்டுவளையைப் பார்ப்பார்கள். ‘சிலை கடை எது?’ என்று கேட்டுப் பாருங்கள், பால் வாங்க வந்தவர்கூட வேலையை விட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போய் விடுவார். ஆள் வராத நேரங்களில் அவர் கடையின் பின்பக்கம், துண்டுகள் காயும் கொடிக்குக் கீழே, இரண்டு கால்களையும் மடித்துத் தொடைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஈ வந்து மூக்கில் உட்காரும். அசையமாட்டார். பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. சும்மா இருக்கிற ஜென்மம் அல்ல. ஒருநாள் ஈரத் துண்டை அவர் தலைமேலேயே காயப்போட்டுப் பார்த்தான். துண்டு காய்ந்தது, ஆள் அசையவில்லை. அன்றைக்கு அவன் வைத்த பெயர்தான் சிலை.

சிலையின் மனைவிக்கு அதே தெருவின் மறுமுனையில் செருப்புக்கடையில் வேலை. காலை முதல் குனிந்து குனிந்து ஊரார் பாதங்களை அளந்து, அகலப் பாதத்துக்கு ஒன்று, குழிந்த பாதத்துக்கு ஒன்று என்று எடுத்துக் கொடுப்பாள். “இந்த ஊர்ல ஒருத்தனும் எங்க குடும்பத்துக்கிட்ட இருந்து தப்பிக்க முடியாது. தலை மாமா கையில, காலு அக்கா கையில” என்பான் மச்சினன், சவரம் செய்துகொண்டே. நாற்காலியில் இருக்கிறவர் சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் கன்னத்தை இறுக்கிக்கொள்வார்.

சிலை முன்பெல்லாம் சிலையே அல்ல, தெரியுமா? வாயாடி. ஒரு தலை வெட்டி முடிப்பதற்குள் ஒன்பது வீட்டுக் கதை சொல்வார். சுதி சேராமல் பாடுவார். சாப்பாட்டில் உட்கார்ந்தால் சட்டி காலியாகும். பகலில் கண்ணயர்ந்தால் குறட்டையில் கடைக் கண்ணாடி அதிரும் என்று மச்சினன் சத்தியம் செய்வான். அப்படி உடம்பும் உயிருமாக, கொஞ்சம் தொப்பையுமாக, ஊரில் சந்தோஷமாக இருந்த மனிதர்களில் அவர் ஒருவர். அதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவரைப் பிற்காலத்தில் மட்டும் பார்த்தவர்கள் பிறவியிலேயே அவர் சாமியார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பொய்.

கல்யாணமாகி நெடுநாள் கழித்து, இனி இல்லை என்று இருவரும் விட்டுவிட்ட பிறகு, பெண் பிறந்தாள். பாப்பா. பள்ளிக்கூடம் போகிற வயது வந்தும் வீட்டில் பாப்பாதான். அவளுக்கு ஒரே ஒரு விளையாட்டு. அப்பா கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் ஓடிவந்து அவருடைய இரண்டு பாதங்கள்மேலும் ஏறி நின்றுகொள்வாள். அவர் அவள் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு நடப்பார். அதற்குப் பெயர் பஸ். வாசலில் புறப்பட்டு, சமையலறையில் அம்மாவை ஏற்றிக்கொள்வதுபோல் நின்று, ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பும்.

“டிரைவர், மெதுவா போங்க. இது நல்ல ரோடு இல்ல.”

“ரோடு நல்லாத்தான் இருக்கு. பயணிதான் கனம். நேத்த விட ஒரு மூட்டை கூடுதலா இருக்கே, என்ன தின்னுட்டு வந்த?”

“அம்மாகிட்ட கேளுங்க!”

பாதம் வலிக்கத்தான் செய்யும். நாள் முழுக்க நின்று வேலை செய்கிற கால். ஆனால் ஒருநாள்கூட அவர் பஸ்ஸை நிறுத்தியதில்லை. மனைவி சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்று அந்த நாலு பாதங்களையும் பார்ப்பாள். ஊரார் பாதத்தையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவளுக்கு இந்த நாலையும் பார்த்தால்தான் அன்றைய வேலை முடிந்த மாதிரி.

பாப்பாவுக்கு நோய் வந்தது. இரத்தத்தில் வருகிற நோய். அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. சொல்லவும் வாய் வரவில்லை. மருந்தில் முடி கொத்துக் கொத்தாக உதிர ஆரம்பித்ததும், அவளை ஒரு மத்தியானம் கடைக்குக் கூட்டிவந்து, கதவைச் சாத்தி, நாற்காலியில் பலகை போட்டு உட்காரவைத்து, தன் கையாலேயே மொட்டையடித்தார். அடுத்து, முடி வெட்டுகிற அதே மெஷினால் தன் தலையையும் அடித்துக்கொண்டார். இரண்டு மொட்டையும் கண்ணாடியில் தெரிந்ததைப் பார்த்துப் பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். மச்சினன் மட்டும் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான்.

கடைசியாக பஸ் ஓடியது ஆஸ்பத்திரி நடைபாதையில். அவளே கேட்டாள். ஏறி நின்றாள். அவர் நடந்தார். பாதத்தின்மேல் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. காகிதத்தைத் தூக்கி வைத்த மாதிரி. “இன்னிக்கு மூட்டையே இல்ல பாத்தீங்களா?” என்றாள் பாப்பா, பெருமையாக. அவர் என்ன பதில் சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. அந்த வாரமே அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவருக்கு உடம்பு என்றாலே ஒரு வெறுப்பு வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், யார்மேல் கோபப்படுவார்? மருத்துவர்கள் செய்யக்கூடியதைச் செய்தார்கள். மனைவி தூங்காமல் பார்த்துக்கொண்டாள். பாப்பாவோ ஒரு ஊசிக்குக்கூட முகம் சுளிக்காத பிள்ளை. கடைசியில் குற்றவாளி என்று அவருக்குத் தெரிந்தது அந்தச் சின்ன உடம்பு ஒன்றுதான். கூடவே இருந்து காட்டிக்கொடுத்துவிட்டது. அப்படிப்பட்டதைப் போய்ச் சோறு போட்டு வளர்க்கிறோமே என்று நினைத்தார். தட்டில் கை வைத்தால் கை அப்படியே நிற்கும். பேச்சு நின்றது, பாட்டு நின்றது.

தூக்கமும் போய்விட்டது என்று கண்டதும் மச்சினன்தான் அவரை யோகா வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனான். மருந்துக்கடைக்கு மாடியில் ஒரு நீளமான அறை. பழைய ஜமுக்காளங்கள், ஒரு மின்விசிறி, தெருவைப் பார்த்த ஜன்னல். சொல்லிக்கொடுப்பது அவரைவிட வயதில் மிகச் சிறிய பெண், டீச்சர் என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். எளிய ஆசனங்கள், கொஞ்சம் மூச்சு, கடைசியில் சவாசனம். எல்லாரும் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடியதும் டீச்சர் மெல்லச் சொல்வாள்:

“வலது கால் கட்டைவிரலுக்குப் போங்க. அங்க என்ன இருக்கு? சூடா, குளிரா, அரிப்பா? எதையும் மாத்த வேண்டாம். சும்மா போய்க் கேட்டுட்டு வாங்க. ஆசனம் பண்றது உடம்பை விட்டு ஓடறதுக்கு இல்ல. இத்தனை வருஷமா நாம குடியிருக்கிற வீட்டை ஒரு தடவையாவது சுத்திப் பாக்கறதுக்குத்தான்.”

முதல் நாள் சிலை அப்படியே போனார். விரல் வந்தது. விரலுக்குப் பின்னால் பாதம் வந்தது. பாதத்தோடு பாப்பாவும் வந்துவிட்டாள். அவர் எழுந்து, யாரையும் பார்க்காமல், படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்து வாயில் துண்டை வைத்து அழுதார்.

அன்றோடு நின்றிருந்தாலும் ஒன்றும் இல்லை. நிற்கவில்லை, அதுதான் வினை. அவருக்கு யோகா பிடித்திருந்தது. டீச்சர் சொன்ன யோகா பிடிக்கவில்லை. தேடிக்கொண்டிருந்தவருக்குக் கைப்பேசியில் ஒரு குரல் கிடைத்தது. முகம் காட்டாமல் பேசுகிற குரல். நீ உடம்பு இல்லை, உடம்பு வெறும் சட்டை, சாதனை, அதாவது தியானப் பயிற்சி, முற்ற முற்ற அது இளைக்கும், கால் முதலாக ஒவ்வோர் உறுப்பாக உதிரும், இதுதான் அடையாளம் என்று அது சொல்லிற்று. அனுபவம் வந்தால் வெளியே சொல்லாதே, சொன்னால் போய்விடும் என்றும் சொல்லிற்று. காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் குரலுக்கு என்ன, கால் இருந்ததா, கை இருந்ததா, சொல்லிவிட்டுப் போய்விட்டது.

வகுப்பை அவர் விடவில்லை. ஆனால் டீச்சர் வா என்று கூப்பிட்ட ஒவ்வோர் இடத்திலிருந்தும் அவர் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார். அவள் கட்டைவிரல் என்பாள், இவர் மனசுக்குள் ‘என்னுடையதில்லை’ என்பார். அவள் முழங்கால் என்பாள், ‘என்னுடையதில்லை.’ வருஷக்கணக்காக இப்படி. வெளியே பார்த்தால் வகுப்பிலேயே ஆடாமல் அசங்காமல் கிடக்கிற ஆள் அவர்தான். டீச்சரே புதிதாக வருகிறவர்களுக்கு அவரைக் காட்டுவாள், பாவம்.

இதற்கிடையில் உடம்பு இளைத்தது. தொப்பை போயிற்று, கன்னம் ஒட்டியது, இடுப்பு வாரில் அவரே புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார், அதையும் சுத்திகரிப்பு என்று எடுத்துக்கொண்டார். பிறகு பாதத்தில் ஊசி குத்துகிற மாதிரி, எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்தது. சக்தி கிளம்புகிறது என்று நினைத்தார். ஐயோ, மனுஷா!

“ஏங்க, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்களேன். கண்ணாடில உங்க மூஞ்சியப் பாக்கறீங்களா இல்லையா? ஊர் மூஞ்சியெல்லாம் பாக்கறீங்க” என்பாள் மனைவி.

“எனக்கு என்னம்மா, நல்லாத்தானே இருக்கேன்.”

“எது நல்லாருக்கு? உங்க செருப்பு ஒரு அளவு பெரிசாயிடுச்சு. நடக்கும்போது கழண்டு விழுது, அதுகூட தெரியாம நடக்கறீங்க.”

அவர் சிரித்துக்கொள்வார். அவள் காலைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தால் இழுத்துக்கொள்வார். கொஞ்ச காலமாகவே அவர் அவளைத் தொடவிடுவதில்லை. அவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. உடம்பே என்னுடையதில்லை என்று ஆனபிறகு அதைத் தொட ஏங்குகிற இன்னொரு உடம்பு எங்கே கண்ணில் படும்?

ஒருநாள் சவாசனத்தில் டீச்சர் “இடது கால் கட்டைவிரல்” என்றாள். சிலை போய்ப் பார்த்தார். விரல் இல்லை. சூடு இல்லை, குளிர் இல்லை, ஜமுக்காளம் உறுத்தவில்லை. பாதம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. குரல் சொன்னது நடந்துவிட்டது! பாப்பா போன பிறகு அவர் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. கோபப்படலாம் என்று பார்த்தால், அத்தனை வருஷத்தில் வந்த ஒரே சந்தோஷத்தை எந்த வாயால் திட்டுவது?

வகுப்பு முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டும்போது டீச்சர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “அண்ணா, கால் விரலெல்லாம் நல்லா தெரியுதா? வயசாக ஆக அத மட்டும் விட்டுடக் கூடாது.”

சொன்னால் போய்விடுமே. “தெரியுது டீச்சர்” என்று தலையாட்டினார்.

பிறகு நடந்தது ஒரு பிளேடால். சவரக்கத்தியில் மாட்டுவதற்காக கடையில் பிளேடைக் காகிதத்தோடு சேர்த்து இரண்டாக ஒடிப்பார்கள். ஒரு பாதி கத்திக்கு, ஒரு பாதி டப்பாவுக்கு. டப்பாவுக்குப் போக வேண்டிய ஒரு பாதி அன்றைக்குக் கை தவறி, பெரிதாகிப்போன இடது கால் செருப்புக்குள் விழுந்திருக்கிறது. அதன்மேலேயே நாள் முழுக்க நின்று வேலை பார்த்தார். அதன்மேலேயே வீட்டுக்கு நடந்தார்.

மனைவி அன்றைக்கு அவருக்கு முன்பே வந்துவிட்டாள். கொல்லைப்பக்கம் இருந்தவளுக்குக் கதவு திறந்த சத்தம் கேட்டது. சமையலறை வாசலுக்கு வந்தவள் தரையைப் பார்த்தாள். வாசலிலிருந்து சமையலறை வரைக்கும், அங்கிருந்து ஜன்னல் வரைக்கும், வெள்ளைத் தரையில் ஒற்றைக் காலாகச் சிவப்புத் தடம். பஸ் போன அதே வழி. ஜன்னல் ஓரம் நின்று அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“அய்யோ, காலு! காலப் பாருங்க!”

அவர் குனிந்து பார்த்தார். காலைத் தூக்கினார். உள்ளங்காலில் பிளேடு பாதி உள்ளே, பாதி வெளியே. இரண்டு விரலால் பிடித்து, ஒரு தலைமுடியை எடுப்பதுபோல் எடுத்து, ஜன்னல் விளிம்பில் வைத்தார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“வலிக்கவே இல்லம்மா. பாரேன்.”

“சிரிக்காதீங்க.” அவள் பணப்பையை எடுத்துக்கொண்டாள். “தயவு செஞ்சு இப்படிச் சிரிக்காதீங்க, எனக்குப் பயமா இருக்கு. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“இதுக்கா? தண்ணி ஊத்திக் கழுவினா சரியாப் போகுது.” தானே கழுவி, தானே துணி சுற்றிக்கொண்டார். அவள் கெஞ்சினாள், கத்தினாள், தம்பியைக் கூப்பிடுவேன் என்று மிரட்டினாள். ‘நாளைக்கு’ என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். பிறகு காலுறை போட ஆரம்பித்தார். படுக்கும்போதும் கழற்றுவதில்லை. ஆறிவிட்டது என்று அவளிடம் சொன்னார். ஆறவில்லை என்று அவருக்குத் தெரியும். துணி மாற்றும்போது பார்த்தாரே, நிறம் மாறிக்கொண்டு வந்ததை! ஆனால் வலி இல்லாத இடத்தை யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். வாடை வந்ததும் சவரத்துக்குப் பிறகு கன்னத்தில் தடவுகிற வாசனைத் திரவத்தை எடுத்துக் காலுறைமேல் ஊற்றிக்கொண்டார். எத்தனையோ பேர் பிடரியில் ஒரு கட்டியைப் பார்த்துவிட்டு, ‘இதை உடனே போய்க் காட்டுங்க சார்’ என்று துரத்திவிட்ட மனிதர்தான் இவர்.

கடையில் ஒரு வாடிக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா பாருங்கள் என்றார். மச்சினன் குனிந்து தேடினான். நாற்காலிக்கு அடியில் தேடினான், அலமாரிக்குப் பின்னால் தேடினான். தேடித் தேடி மாமாவின் காலடிக்கு வந்து நின்றான். காலுறையைப் பிடித்து உருவினான். அப்புறம் பாதி சவரத்தில் இருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு, மாமாவைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினான். “ஒரு வண்டி! யாராவது ஒரு வண்டி நிறுத்துங்கப்பா!” என்று அவன் கத்தியதைச் செருப்புக்கடையில் அக்கா கேட்டாள். ஒருவருடைய பாதத்தைக் கையில் பிடித்திருந்தவள் அதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

மருத்துவர் காகிதங்களைப் பார்த்தார், காலைப் பார்த்தார். “சர்க்கரை நோய். இன்னிக்கு நேத்து வந்தது இல்ல, வருஷக்கணக்கா இருக்கு. முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். இல்லேன்னா ஆளே மிஞ்ச மாட்டாரு” என்றார். பிறகு கேட்டார்: “பாதம் மரத்துப் போயிருக்குமே, உங்களுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சது” என்றார் சிலை.

“தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?”

சொல்லிப் பார்த்தார். சவாசனம், குரல், அடையாளம் என்று என்னவோ சொன்னார். சாதனை என்று நினைத்தேன் என்றார். அந்த அறையின் வெளிச்சத்தில், மருந்து வாடையில், அந்த வார்த்தைகள் அவர் வாயிலிருந்தே அசடு வழிந்துகொண்டு வந்தன. மருத்துவர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். மனைவி சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

சிலை அவளைப் பார்க்காமல் சொன்னார்: “விடும்மா. காலுதானே.”

அவ்வளவுதான். அத்தனை வருஷமாக அடக்கிவைத்திருந்தது உடைந்துவிட்டது அவளுக்கு.

“காலுதானேவா? அவ நின்ன காலுங்க அது!” படுக்கையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அவளோட துணியெல்லாம் குடுத்தாச்சு. புத்தகத்தைக் குடுத்தாச்சு. அவ முடியக்கூட நீங்க கூட்டி அள்ளிட்டீங்க. அவளோடதுன்னு எனக்கு என்ன இருந்துச்சு சொல்லுங்க? உங்க ரெண்டு காலும்தான் இருந்துச்சு. நீங்க வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டுவீங்க இல்ல, தினமும் அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். உங்களுக்கு வேண்டாம்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் பாத்துக்கிட்டு இருந்திருப்பேனே.”

சிலைக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அழுகை என்றால் அது அழுகை. வாயில் துண்டு வைக்காமல், பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எழுந்து உட்காரும்படி, குழந்தைபோல் ஓவென்று அழுதார். மறுநாள் விடிந்ததும் காலை எடுத்துவிட்டார்கள்.

டீச்சர் பார்க்க வந்தாள். கையில் பழங்களை வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அவர் எதையும் மறைக்கவில்லை. விரல் காணாமல் போன நாளைச் சொன்னார், அவள் கேட்டதற்குத் தலையாட்டியதைச் சொன்னார்.

“ஏண்ணா சொல்லல? அன்னிக்கே சொல்லியிருந்தா...” பழங்களைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். “ஒவ்வொரு விரலா தினமும் எதுக்குக் கேக்கறேன்னு நெனச்சீங்க? அது இருக்கான்னு பாக்கத்தானே. இல்லேன்னா பதறணும் அண்ணா, சந்தோஷப்படக் கூடாது. நீங்க அசையாம கிடந்ததைப் பாத்து நானும் ஏமாந்துட்டேன்.”

“உன் மேல தப்பில்ல டீச்சர். நீ வான்னு கூப்பிட்ட. நான் வந்தா அங்க எம்பொண்ணு நின்னா. என்னால பாக்க முடியல.”

டீச்சர் முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மனைவியிடம் போய் உட்கார்ந்து, வீட்டுக்குப் போன பிறகு செய்யவேண்டியதைச் சொல்லிக்கொடுத்தாள். தினமும் ஒருவேளை அவரைப் படுக்கவைத்து, தலையணை வைத்து, நீங்களே ஒவ்வோர் இடமாகக் கேளுங்கள் என்றாள். அவர் சொன்னால் மட்டும் போதாது, நீங்களும் கையால் தொட்டுக் கண்ணால் பாருங்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்தார்கள். மச்சினன் கடையில் அவருக்காக உயரமான சுழல் நாற்காலி ஒன்று செய்யச் சொல்லியிருந்தான். “இனிமே வெட்டுறவரும் உக்காந்துக்கிட்டு, வெட்டிக்கிறவரும் உக்காந்துக்கிட்டு. நம்ம கடைதான் ஊர்லயே சொகுசு” என்றான். யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் தானே சிரித்து, அதையும் பாதியில் நிறுத்திவிட்டு, காற்றடிக்கிற ஜன்னலைச் சாத்தப் போனான். கால்களை மடித்துப் போட்டு உட்கார இனி முடியாது. கைப்பேசியில் இருந்த குரலை அவரே அழித்துவிட்டார்.

இல்லாத கால் வலிக்க ஆரம்பித்தது. வெட்டின நரம்பு அப்படித்தான் செய்யும், கொஞ்ச நாள் பொறுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வலி என்றால் விரல்களைத் திருகுகிற வலி. இருக்கிற வரைக்கும் பிளேடு குத்தினதுகூடத் தெரியாத பாதம், போன பிறகு ஐந்து விரலோடும் வலித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். மனைவி என்ன செய்வதென்று தெரியாமல் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்வாள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். ஜன்னல் வெயில் தரையில் கிடந்தது. அவர் மல்லாந்து படுத்திருந்தார். அவள் கட்டில் ஓரமாக ஸ்டூலைப் போட்டு, செருப்புக்கடையில் உட்காருகிற மாதிரியே குனிந்து உட்கார்ந்துகொண்டாள்.

“வலது கால் கட்டைவிரல். அங்க என்ன இருக்கு?”

“ஒண்ணும் தெரியல.”

அவள் விரலைப் பிடித்துப் பார்த்தாள். தோல் நன்றாக இருந்தது. வெடிப்பு இல்லை. “தொடறேன், தெரியுதா?”

“இல்ல.”

“உள்ளங்கால்?”

“இல்லம்மா.”

குதிகால், கணுக்கால் என்று தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டு மேலே போனாள். வலது பக்கம் முடிந்தது. “இடது...” என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். கட்டுப் போட்ட முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. தொடைக்குத் தாண்டிவிடலாம் என்று பார்த்தாள்.

“தாண்டாத” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். “கேளு.”

“என்னத்தங்க கேக்க?”

“கேளேன்.”

“இடது கால் கட்டைவிரல். அங்க என்ன இருக்கு?”

“இருக்கு.”

“வலிக்குதா? மாத்திரை எடுத்துட்டு வரவா?”

“இல்ல, வலி காலையிலயே விட்டுடுச்சு. இது வேற. கனமா இருக்கு.”

“எந்த இடத்துல?”

“பாதத்து மேல.”

அவள் கையை நீட்டி, தட்டையான போர்வையின்மேல், எத்தனையோ ஆயிரம் பாதம் பிடித்த கைக்கு அளவு தெரியாதா, பாதம் இருந்திருக்க வேண்டிய சரியான இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். அவர் உதடு கோணியது. மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது. வைத்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள், அந்த இடத்தில் வேறொருவர் இருக்கிற மாதிரி.

“ஆஸ்பத்திரியில இருந்த மாதிரியா?” என்று கேட்டாள், குரலே எழும்பாமல்.

“இல்ல இல்ல. அதுக்கு முன்ன இருந்த மாதிரி. அவ நல்ல கனமா இருக்கா.”

தெருவில் ஏதோ வண்டி போயிற்று. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்து நின்றது. அழுகையில் அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது.

“அசையாதீங்க” என்றாள் அவள், அவருடைய தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு. “கொஞ்ச நேரம் அசையாதீங்க.”